பிரிட்டனில் மருத்துவம் படிக்க விண்ணப்பிப்பது எப்படி? யூகேட் முதல் விசா வரை

நீட் மதிப்பெண்ணோடு கலந்தாய்வுக்குப் போவது போலவோ, இலங்கையில் இசட் புள்ளிக்குக் காத்திருப்பது போலவோ பிரிட்டனில் மருத்துவ இடம் கிடைப்பதில்லை. நாடு முழுவதற்குமான தரவரிசைப் பட்டியலே அங்கே கிடையாது. நாற்பதுக்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பள்ளி மதிப்பெண், யூகேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வு, நேர்காணல் மூன்றையும் ஒவ்வொரு கல்லூரியும் தன் சொந்தக் கணக்கில் எடைபோடுகிறது. நீங்கள் விண்ணப்பிக்க முடிவது அவற்றில் நான்குக்கு மட்டும். ஒரு கல்லூரி முதல் சுற்றிலேயே தள்ளிவிட்ட மாணவரை அதே மதிப்பெண்ணுக்கு இன்னொரு கல்லூரி நேர்காணலுக்கு அழைக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் வீணாகத் தோற்பது இந்த நான்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். அதனால் அந்தப் பகுதிக்கும், அதற்கு அடிப்படையான யூகேட்டுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதல் கேள்வி: ஹோமா, ஓவர்சீஸா?

உள்நாட்டுக் கட்டணம் கட்டுபவர் ஹோம் மாணவர், வெளிநாட்டுக் கட்டணம் கட்டுபவர் ஓவர்சீஸ் மாணவர். எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்று பேசுவதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் நிறம் மட்டும் இதைத் தீர்மானிக்காது. இங்கிலாந்தின் பொது விதிப்படி, படிப்பு தொடங்கும் நாளில் பிரிட்டனில் நிரந்தரமாக வாழும் உரிமை இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் அங்கேயே வழக்கமாக வசித்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு சென்னையில் வளர்ந்த பிள்ளை பெரும்பாலும் ஓவர்சீஸ் மாணவராகவே கருதப்படும். பெற்றோர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் லண்டனில் வேலை செய்கிறார்கள், குடும்பத்துக்கு ஐ.எல்.ஆர் எனும் நிரந்தர வசிப்புரிமை இன்னும் வரவில்லை என்றால், அங்கேயே பள்ளியில் படிக்கும் பிள்ளையும் பொதுவாக ஓவர்சீஸ்தான். இதை ஆகஸ்டில் தெரிந்துகொண்டு அதிர்ந்துபோகும் குடும்பங்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் பல்கலையின் கட்டண நிலை மதிப்பீட்டுப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

வித்தியாசம் மிகப் பெரியது. 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் ஹோம் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண்டு. அதற்கு அரசுக் கடன் கிடைக்கும். ஐந்தாம் ஆண்டிலிருந்து கட்டணத்தை, அரசுப் பொதுச் சுகாதார அமைப்பான என்.எச்.எஸ் தரும் பர்சரி (உதவித்தொகை) ஏற்றுக்கொள்ளும். ஓவர்சீஸ் மாணவருக்குக் கல்லூரியைப் பொறுத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 35,000 முதல் 70,000 பவுண்டு வரை ஆகும். இந்தக் கடனும் பர்சரியும் அவர்களுக்கு இல்லை. இளநிலை மருத்துவத்துக்கு முழு உதவித்தொகை மிக மிக அரிது. அதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். இடங்களும் குறைவு. இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் கல்லூரிகளின் மருத்துவ இடங்களில் சுமார் 7.5 விழுக்காடுதான் வெளிநாட்டு மாணவருக்கு ஒதுக்கப்படுகிறது. பல கல்லூரிகளில் அது பத்து, இருபது இடம் என்ற அளவில் நின்றுவிடும்.

இந்தியாவுக்குத் திரும்பி மருத்துவம் பார்க்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், வெளிநாட்டில் சேர்வதற்கு முன்பே நீட் தேர்வில் தகுதி பெற்றுவிடுங்கள். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் சரிசெய்ய வழி இருக்காது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைகள் குறைந்தது 54 மாதப் படிப்பையும், படித்த நாட்டில் 12 மாதப் பயிற்சியையும் கேட்கின்றன. அதன்பின் இந்தியாவில் தகுதித் தேர்வும், மேலும் 12 மாதப் பயிற்சியும் உண்டு. ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கான பிரிட்டனின் நான்காண்டு கிராஜுவேட் என்ட்ரி படிப்பு இந்த 54 மாதக் கணக்கில் அடங்காது. இலங்கைக்குத் திரும்புவோர் அங்குள்ள மருத்துவ சபை நடத்தும் ஈ.ஆர்.பி.எம் தேர்வைத் தாண்ட வேண்டும்.

பாடங்களும் பள்ளி மதிப்பெண்ணும்

பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் வேதியியலும் உயிரியலும் எடுத்தால் கிட்டத்தட்ட எல்லாக் கதவும் திறந்திருக்கும். மூன்றாவது பாடம் கணிதமோ இயற்பியலோ வரலாறோ, பிள்ளைக்கு நன்றாக வருவது எதுவோ அதுவே சரி. வழக்கமான நிபந்தனை மூன்று ஏ. ஆக்ஸ்ஃபோர்டு ஒரு ஏ ஸ்டாரும் (ஏ-க்கும் மேலான உச்ச கிரேடு) இரண்டு ஏ-யும், கேம்பிரிட்ஜ் இரண்டு ஏ ஸ்டாரும் ஒரு ஏ-யும் கேட்கின்றன. நான்காவது ஏ லெவலால் பெரும்பாலான கல்லூரிகளில் கூடுதல் பயன் இல்லை. அந்த நேரத்தை மற்ற மூன்றுக்கும் யூகேட்டுக்கும் கொடுப்பதே லாபம்.

பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ தேர்வின் மதிப்பெண்ணை (9 உச்சம்) சில கல்லூரிகள் வெறும் வாசற்படியாகப் பார்க்கும்: ஆங்கிலம், கணிதம், அறிவியலில் 6 அல்லது 7 இருந்தால் போதும். வேறு சில, அதைப் புள்ளிகளாக மாற்றிக் கூட்டும். இந்த வேறுபாடுதான் பின்னால் நான்கு கல்லூரிகளைத் தீர்மானிக்கும்.

இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்கள் கவனிக்க: சி.பி.எஸ்.இ, ஐ.எஸ்.சி சான்றிதழ்களை ஏற்கும் கல்லூரிகள் உண்டு. மாநில வாரியச் சான்றிதழை எல்லாக் கல்லூரியும் ஏற்பதில்லை. ஏற்கும் இடங்களும் பாடவாரியாகத் தனி மதிப்பெண் வரம்பு வைத்திருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை ஜி.சி.எஸ்.இ-க்கு ஈடாகப் பார்ப்பதும் உண்டு. இணையப் பக்கத்தில் தெளிவில்லையென்றால், வாரியத்தின் பெயர், பாடங்கள், ஆண்டு மூன்றையும் குறிப்பிட்டு அட்மிஷன் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் ஐ.இ.எல்.டி.எஸ் அகாடமிக் தேர்வில் 7 அல்லது 7.5 கேட்பார்கள். மொத்தத்தில் மட்டுமின்றி ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரம்பு இருக்கும். எழுத்துப் பிரிவில் அரைப் புள்ளி குறைந்தால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

ஓராண்டின் காலக்கணக்கு

மே, ஜூனில் யூகேட் கணக்கு தொடங்கித் தேர்வு நாளைப் பதிவு செய்ய வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் கடைசி வரை தேர்வு நடக்கும். பல்கலை விண்ணப்பங்களை வாங்கும் பொது அமைப்பான யூகாஸுக்குச் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து விண்ணப்பத்தை அனுப்பலாம். மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. இந்தியாவிலும் இலங்கையிலும் அது இரவு 10.30. மற்றப் படிப்புகளுக்கான ஜனவரிக் கெடு மருத்துவத்துக்குப் பொருந்தாது. நேர்காணல்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை நடக்கும். மே நடுவில் எல்லாக் கல்லூரிகளின் முடிவும் வந்துவிடும். ஜூன் தொடக்கத்தில் உங்கள் பதிலைத் தெரிவிக்க வேண்டும். ஆகஸ்ட் நடுவில் ஏ லெவல் முடிவு.

யூகேட்

முன்பு பீமேட் என்று இன்னொரு தேர்வும் இருந்தது. 2023-க்குப் பிறகு அது நிறுத்தப்பட்டு, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், இம்பீரியல், யு.சி.எல் உட்பட எல்லோரும் யூகேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஓர் ஆண்டில் ஒரு முறைதான் எழுதலாம். அந்த மதிப்பெண் அந்த ஆண்டின் விண்ணப்பத்துக்கு மட்டுமே செல்லும். பியர்சன் வியூ மையங்களில் கணினியில் எழுத வேண்டும். 2025-ல் கட்டணம் பிரிட்டனுக்குள் 70 பவுண்டு, வெளியே 115 பவுண்டு.

2025 முதல் அப்ஸ்ட்ராக்ட் ரீசனிங் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ள அமைப்பு இதுதான்:

வெர்பல் ரீசனிங்: 22 நிமிடத்தில் 44 கேள்வி.
டிசிஷன் மேக்கிங்: 37 நிமிடத்தில் 35 கேள்வி.
குவான்டிடேடிவ் ரீசனிங்: 26 நிமிடத்தில் 36 கேள்வி.
சிச்சுவேஷனல் ஜட்ஜ்மென்ட்: 26 நிமிடத்தில் 69 கேள்வி.

முதல் மூன்று பகுதிக்கும் தலா 300 முதல் 900 வரை மதிப்பெண். மொத்தம் 900 முதல் 2700. நான்காவதற்கு மதிப்பெண்ணுக்குப் பதில் பேண்ட் 1 முதல் 4 வரை. ஒன்று மிகச் சிறந்தது. 2024 வரை மொத்தம் 3600. அண்ணன் எடுத்த 2800-ஐத் தம்பியின் இன்றைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம், அளவுகோலே மாறிவிட்டது.

இந்தத் தேர்வில் அறிவைவிட நேரமே பெரும் எதிரி. வெர்பல் ரீசனிங்கில் ஒரு பத்திக்கு நான்கு கேள்வி வீதம் பதினொரு பத்திகள் வரும். பத்திக்கு இரண்டே நிமிடம். முழுப் பத்தியையும் ஆற அமரப் படித்துவிட்டுக் கேள்விக்கு வருபவர் ஏழாவது பத்தியிலேயே நேரத்தைத் தொலைத்துவிடுவார். கேள்வியில் உள்ள பெயர், ஆண்டு, எண் போன்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பத்தியில் அது வரும் இடத்தைத் தேடி, முன்னும் பின்னும் ஒரு வரி படித்து விடையளியுங்கள்.

இதில் பிள்ளைகள் திரும்பத் திரும்ப விழும் குழி ஒன்று உண்டு. பத்தி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ் தொடங்கியபோது மருத்துவரைப் பார்ப்பதும் மருந்தும் இலவசமாக இருந்தன. 1952-ல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் வந்தது." கேள்வி: "1952-க்குப் பிறகு மருத்துவரைப் பார்க்கவும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. சரியா, தவறா, சொல்ல முடியாதா?" பிரிட்டனில் வளர்ந்த மாணவருக்கு மருத்துவரைப் பார்க்கப் பணம் கிடையாது என்று தெரியும், உடனே "தவறு" என்று சொடுக்கிவிடுவார். ஆனால் 1952-க்குப் பிறகு மருத்துவரைப் பார்ப்பது பற்றிப் பத்தி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விடை "சொல்ல முடியாது". பத்திக்கு வெளியே உங்களுக்குத் தெரிந்தது எதுவும் இங்கே செல்லாது.

டிசிஷன் மேக்கிங்கில் ஐந்து வாக்கியங்களுக்கும் ஆம், இல்லை என்று குறிக்கும் கேள்விகளுக்கு இரண்டு மதிப்பெண். ஒன்று தவறினாலும் பாதி கிடைக்கும். அவற்றை விட்டுவிடாதீர்கள். குவான்டிடேடிவ் பகுதியில் திரைக் கால்குலேட்டரை மவுஸால் குத்திக்கொண்டிருந்தால் நேரம் கரைந்துவிடும். ஆல்ட்டும் சி-யும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். எண்களை விசைப்பலகையின் நம்பர் பேடில் தட்டுங்கள். 840-ல் 15 விழுக்காடு போன்றதை மனதிலேயே போடப் பழகுங்கள்: பத்து விழுக்காடு 84, அதில் பாதி 42, கூட்டினால் 126. ஒரு கேள்விக்குக் கிடைப்பது 43 நொடி. கணக்கு நீளும் என்று தெரிந்தால் ஏதாவது ஒரு விடையைக் குறித்து, கொடி போட்டுவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

சிச்சுவேஷனல் ஜட்ஜ்மென்ட்டில் ஒரு செயல் எவ்வளவு பொருத்தமானது என்று கேட்பார்கள். முதலில் அது சரியான பக்கமா, தவறான பக்கமா என்று மட்டும் முடிவு செய்யுங்கள். பிறகு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். விடைக்குப் பக்கத்தில் இருந்தாலும் ஓரளவு மதிப்பெண் உண்டு. "இதைச் செய்தால் மட்டும் பிரச்சினை தீராதே" என்று நல்ல செயலைத் தவறு என்று குறிக்காதீர்கள். அந்தச் சூழலில் செய்யும் ஒரே செயல் அதுதான் என்று கேள்வி சொல்வதில்லை.

தயாரிப்புக்கு ஆறு முதல் எட்டு வாரம், நாளுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதுமானது. ஆறு மாதம் இழுத்தால் களைப்புத்தான் மிஞ்சும். முதல் இரண்டு வாரம் நேரம் பார்க்காமல் கேள்வி வகைகளைப் புரிந்துகொள்ளுங்கள். அடுத்து ஒவ்வொரு பகுதியாக நேரம் வைத்து. கடைசி இரண்டு வாரம் முழுத் தேர்வு. யூகேட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இலவசமாக உள்ள மாதிரித் தேர்வுகளில் பாதியையாவது இந்தக் கடைசிக் கட்டத்துக்கு வைத்திருங்கள். உண்மைத் திரைக்கு மிக நெருக்கமானவை அவைதான். தேர்வு நாளை ஆகஸ்ட் நடுவில் வைத்துக்கொண்டால், காய்ச்சல் வந்தாலும் தள்ளிப்போட இடம் இருக்கும். செப்டம்பர் கடைசி வாரத்தில் வைத்தவருக்கு அந்த வழி இல்லை.

பெயர் விஷயத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனி எச்சரிக்கை. பள்ளிச் சான்றிதழில் "எஸ். கவிதா", கடவுச்சீட்டில் "கவிதா செல்வராஜன்" அல்லது குடும்பப் பெயர்க் கட்டமே காலி, யூகாஸில் இன்னொரு வரிசை என்று இருந்தால் சிக்கல் உறுதி. தேர்வு மையத்தில் அடையாள அட்டையின் பெயரும் பதிவு செய்த பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் போய்விடும். கடவுச்சீட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து யூகேட், யூகாஸ், ஐ.இ.எல்.டி.எஸ் மூன்றிலும் ஒரே மாதிரி இடுங்கள். சான்றிதழில் வேறு வடிவம் இருந்தால், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்தல்

யூகாஸில் ஐந்து இடம் உண்டு. மருத்துவத்துக்கு நான்கு மட்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது. யூகேட் மதிப்பெண் தேர்வு முடிந்த கையோடு தெரிந்துவிடும். அதற்குப் பின்தான் கல்லூரிகளை முடிவு செய்ய வேண்டும். முன்பே மனதில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு அதை விடமுடியாமல் இருப்பதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய பிழை. பட்டம் எங்கே வாங்கினாலும் பதிவு செய்வது ஒரே ஜெனரல் மெடிக்கல் கவுன்சில்தான். 2024-25 முதல் எல்லாக் கல்லூரி மாணவருக்கும் பொதுவான எம்.எல்.ஏ என்ற உரிமத் தேர்வும் வந்துவிட்டது. ஊடகங்களின் தரவரிசைப் பட்டியலை வைத்துக் கல்லூரி தேடுவதில் பொருளில்லை.

செப்டம்பரில் யூகேட் தளத்தில் அந்த ஆண்டின் இடைக்காலப் புள்ளிவிவரம் வரும். எத்தனையாவது டெசிலில் (எழுதியவர்களைப் பத்துச் சம பங்காகப் பிரித்தால் எந்தப் பங்கில்) இருக்கிறீர்கள் என்று அதில் பார்த்துவிட்டு, ஒரு தாளில் கல்லூரிக்கு ஒரு வரி வீதம் இவற்றை எழுதுங்கள்: குறைந்தபட்சப் பாடத் தகுதி, பள்ளி மதிப்பெண்ணுக்குப் புள்ளி உண்டா, யூகேட்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், பேண்ட் 4-ஐ ஏற்பார்களா, உங்கள் கட்டண நிலைக்கு எத்தனை இடம், சென்ற ஆண்டு நேர்காணலுக்கு அழைத்த மிகக் குறைந்த யூகேட் மதிப்பெண் எது.

கடைசி விவரத்தைப் பல கல்லூரிகள் தாங்களே வெளியிடுகின்றன. இல்லாவிட்டால், தகவல் அறியும் சட்டப்படி யாரோ கேட்டுப் பெற்ற பதில் பல்கலையின் தளத்திலேயே கிடைக்கும். அதைப் பார்க்கும்போது, அந்த எண் ஹோம் மாணவருக்கானதா ஓவர்சீஸ் மாணவருக்கானதா என்றும், 3600 அளவுகோலா 2700 அளவுகோலா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். இடங்கள் குறைவு என்பதால் ஓவர்சீஸ் வரம்பு ஹோம் வரம்பைவிட நன்றாக மேலே இருக்கலாம்.

இந்தத் தாள் தயாரானதும் கல்லூரிகள் தாமாகவே சில வகையாகப் பிரிந்துவிடும். அண்மை ஆண்டுகளில் பிரிஸ்டல், குறைந்தபட்சத் தகுதி இருக்கும் எல்லோரையும் யூகேட் மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தி நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. பெல்ஃபாஸ்டின் குவீன்ஸ் பல்கலையோ ஜி.சி.எஸ்.இ-க்குப் பெரும் புள்ளி கொடுத்து, யூகேட்டுக்குச் சிறு பங்கே தருகிறது. பர்மிங்ஹாம் இரண்டையும் கூட்டி, மாணவரின் சமூகச் சூழலையும் சேர்த்துப் பார்க்கிறது. ஸ்காட்லாந்துக் கல்லூரிகளில் பெரும்பாலான இடங்கள் ஸ்காட்லாந்து மாணவருக்கே. எடின்பரோ பேண்ட் 4 உள்ளவரை எடுப்பதில்லை; இந்த விதி வேறு பல கல்லூரிகளிலும் உண்டு.

இரண்டு மாணவரை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஜி.சி.எஸ்.இ-யில் பெரும்பாலும் 7, யூகேட்டில் மேல் பத்து விழுக்காட்டுக்குள். இன்னொருவருக்கு ஒன்பது பாடத்திலும் 9, யூகேட் சராசரி. பிரிஸ்டல் முதலாமவருக்கு நல்ல தேர்வு, இரண்டாமவருக்கு வீண் இடம். குவீன்ஸில் கதை தலைகீழ். இருவரும் ஒரே பள்ளியில் பக்கத்துப் பெஞ்சில் இருந்து, ஒருவர் பட்டியலை ஒருவர் பார்த்து எழுதினால் இருவருக்கும் நஷ்டம்.

நான்கில் இரண்டு, உங்கள் மதிப்பெண் சென்ற ஆண்டு வரம்பைத் தெளிவாகத் தாண்டும் இடமாக இருக்கட்டும். ஒன்று விளிம்பில் இருக்கலாம். ஒன்றே ஒன்று ஆசைக்கு. மதிப்பீட்டு முறை ஆண்டுதோறும் மாறும் என்பதால், நீங்கள் சேரும் ஆண்டுக்கான பக்கம்தானா என்று தலைப்பைப் பார்த்தே படியுங்கள்.

ஐந்தாவது இடத்தில் பயோமெடிக்கல் சயின்ஸ், நியூரோசயின்ஸ் போன்ற பக்கத்துப் படிப்பைப் போடலாம். மூன்று ஆண்டு அதைப் படிக்க மனமில்லை என்றால் காலியாக விடுங்கள். அதனால் மருத்துவ விண்ணப்பத்துக்குக் குறைவு வராது.

பர்சனல் ஸ்டேட்மென்ட்

விண்ணப்பத்தில் மாணவர் தன்னைப் பற்றி எழுதும் பகுதி இது. 2026-ல் சேரும் மாணவர்களிலிருந்து இது மூன்று கேள்விகளாகிவிட்டது: இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள், இதுவரை படித்தவை எப்படி உங்களைத் தயார்செய்தன, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஐந்து கல்லூரிக்கும் இதே ஒன்றுதான் போகும். ஆகவே ஒரு பல்கலையின் பெயரைக் குறிப்பிட்டுப் புகழாதீர்கள்.

பள்ளிக்கு வெளியே செய்தது என்றால் மருத்துவமனைதான் வேண்டும் என்றில்லை. முதியோர் இல்லத்தில் வாரம் இரண்டு மணி நேரம் ஆறு மாதம் போனது, பெரிய மருத்துவமனையில் மூன்று நாள் நின்றதைவிட எடை கூடியது. பிரைட்டன் அண்ட் சஸ்ஸெக்ஸ் மருத்துவக் கல்லூரியின் இலவச இணையப் பயிற்சியும் உண்டு. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மாமாவின் மருத்துவமனையில் இருந்து பார்த்ததையும் எழுதலாம். ஆனால் பதினேழு வயதில் தையல் போட உதவினேன், ஊசி போட்டேன் என்று பெருமையாக எழுதினால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். நோயாளியின் பாதுகாப்பும் சம்மதமும் உங்களுக்குப் புரியவில்லை என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

எழுதும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. "முதியோர் இல்லத்தில் தொண்டு செய்தபோது கருணையையும் பேச்சுத்திறனையும் வளர்த்துக்கொண்டேன்" என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "காது மந்தமான ஒரு பெரியவர் சாப்பாட்டை மறுத்துக்கொண்டே இருந்தார். பராமரிப்பாளர் அவர் முகத்துக்கு நேரே அமர்ந்து, இரண்டு தட்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டார்; அவர் ஒன்றைத் தொட்டார். மறுப்பு என்று நான் நினைத்தது, கேள்வியே அவருக்குக் கேட்கவில்லை என்பதுதான். அதற்குப் பின் நின்றுகொண்டே யாரிடமும் கேள்வி கேட்பதை நிறுத்தினேன்." பார்த்தது, புரிந்தது, அதன்பின் மாறியது மூன்றும் இதில் இருக்கின்றன. ஆளின் பெயரும் இடத்தின் பெயரும் வேண்டாம்.

யூகாஸ் எல்லா விண்ணப்பங்களையும் ஒப்புமை காணும் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறது. அண்ணன் எழுதியது, விலைக்கு வாங்கியது, இயந்திரத்திடம் எழுதி வாங்கியது எதுவும் வேண்டாம். அது சிக்காமல் போனாலும், நேர்காணலில் அந்த வரியைப் பற்றியே கேட்பார்கள்.

ரெஃபரன்ஸும் சமர்ப்பித்தலும்

மாணவர் அனுப்பு பொத்தானை அழுத்தியதும் விண்ணப்பம் யூகாஸுக்குப் போய்விட்டது என்று நினைப்பது தவறு. பள்ளி வழியாக விண்ணப்பித்தால் அது முதலில் பள்ளிக்குத்தான் போகும். ஆசிரியர் ரெஃபரன்ஸும் (பரிந்துரைக் குறிப்பு), இறுதித் தேர்வில் மாணவர் எடுப்பார் என்று கருதும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணும் சேர்த்து அனுப்பிய பிறகே யூகாஸுக்குப் போகும். அக்டோபர் 15 மாலை 6 மணிக்குள் இந்த இரண்டாவது படி முடிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பள்ளிகள் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலேயே உள்கெடு வைத்துவிடும். இந்தியாவில் இந்த முறைக்குப் பழகாத பள்ளி என்றால், ஜூலையிலேயே முதல்வரைப் பார்த்துப் படிவத்தை விளக்குங்கள். அக்டோபரில் பூசை விடுமுறையும் குறுக்கே வரும். எதிர்பார்ப்பு மதிப்பெண் இல்லாமல் போனாலோ, நிபந்தனைக்குக் கீழே இருந்தாலோ பல கல்லூரிகள் மேலே படிக்காமலே நிராகரிக்கும். யூகாஸ் கட்டணம் 30 பவுண்டுக்குள் முடியும்.

நேர்காணல்

பெரும்பாலான கல்லூரிகள் எம்.எம்.ஐ நடத்துகின்றன: ஆறு முதல் பத்து நிலையங்கள், ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு நிமிடம், ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பீட்டாளர். ஒன்றில் சறுக்கியது அடுத்தவருக்குத் தெரியாது. கதவைத் தாண்டியதும் அதை மறந்துவிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் டிசம்பரில், ஆசிரியர் குழு ஒரு மாணவரைக் கேள்வி கேட்கும் நேர்காணல் நடத்துகின்றன. அங்கே ஒரு வரைபடத்தையோ புதுக் கணக்கையோ கொடுத்து, நீங்கள் யோசிக்கும் விதத்தைப் பார்ப்பார்கள். விடை தெரியாவிட்டாலும் யோசனையை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எம்.எம்.ஐ-யில் அடிக்கடி வரும் ஒரு வகை: "உங்கள் நோயாளிக்கு வலிப்பு வந்திருக்கிறது. அவர் கார் ஓட்டுவதை நிறுத்த மறுக்கிறார். என்ன செய்வீர்கள்?" உடனே "போலீசுக்குச் சொல்வேன்" என்பதும், "இரகசியம் காப்பேன்" என்பதும் இரண்டும் அரைகுறை விடை. முதலில் ஏன் மறுக்கிறார் என்று கேட்க வேண்டும்; வேலையே கார் ஓட்டுவதாக இருக்கலாம். அடுத்து, ஆபத்தை விளக்கி, ஓட்டுநர் உரிம அமைப்பான டி.வி.எல்.ஏ-க்குத் தெரிவிப்பது அவருடைய சட்டக் கடமை என்று சொல்லி, அவரே தெரிவிக்கத் தூண்ட வேண்டும். அப்போதும் கேட்காமல் ஓட்டினால், தெருவில் போகும் மற்றவர்களின் உயிர் கருதி, அவரிடம் சொல்லிவிட்டு டி.வி.எல்.ஏ-யின் மருத்துவ ஆலோசகருக்குத் தெரிவிக்கலாம். பிறகு அதைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் வழிகாட்டுதலும் இந்தத் திசையில்தான் இருக்கிறது. மதிப்பெண் இந்தப் படிகளின் வரிசைக்குக் கிடைக்கும்.

நடிகர் ஒருவர் நோயாளியாகவோ கோபமான உறவினராகவோ வரும் நிலையமும் உண்டு. அங்கே தீர்வைக் கொட்டுவதுதான் பொதுவான பிழை. முதல் ஒரு நிமிடம் கேளுங்கள்; அவர் சொன்னதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள்.

"ஏன் மருத்துவம்? ஏன் செவிலியர் பணி வேண்டாம்?" என்ற கேள்விக்குச் செவிலியரைக் குறைத்துப் பேசாத, மருத்துவரின் பொறுப்பில் எது உங்களை இழுக்கிறது என்று குறிப்பாகச் சொல்லும் விடை வேண்டும். பெற்றோரின் கனவு என்பது இங்கே விடையாகாது. உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். வீட்டில் தமிழிலேயே பேசிப் பழகி, கருத்து தெளிந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போவது நன்றாகவே வேலை செய்யும். அழைப்பு சில நாள் முன்னறிவிப்போடு வரலாம். நவம்பரிலிருந்து ஸ்பாம் பெட்டியையும் தினமும் பாருங்கள்.

இடம் கிடைத்தபின்

கையில் உள்ள ஆஃபர்களில் ஒன்றை ஃபர்ம் (முதல் தேர்வு) ஆகவும், மதிப்பெண் நிபந்தனை குறைவான இன்னொன்றை இன்ஷூரன்ஸ் (மாற்றுத் தேர்வு) ஆகவும் வைக்க வேண்டும். ஐந்தாவது படிப்பும் இன்ஷூரன்ஸாக இருக்கலாம். கெடுவுக்குள் பதில் சொல்லாவிட்டால் எல்லாமே தானாக ரத்தாகும். பிறகு ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட தடுப்பூசிப் பதிவுகள் கேட்பார்கள். குழந்தைப் பருவ அட்டை தொலைந்திருந்தால் இரத்தப் பரிசோதனையை இப்போதே தொடங்குங்கள். பிரிட்டனில் இருப்பவருக்கு டி.பி.எஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனை, இந்தியாவில் இருப்பவர் பாஸ்போர்ட் சேவா வழியாகக் காவல்துறைச் சான்று பெற வேண்டும்.

விசாவுக்குப் பல்கலை தரும் சி.ஏ.எஸ் (சேர்க்கை உறுதிச் சான்று) எண் வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தில் கட்ட வேண்டிய மீதியும் ஒன்பது மாதச் செலவும் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். 2025 நவம்பர் முதல் மாதச் செலவுக் கணக்கு லண்டனில் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. 28 நாளில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் விண்ணப்பம் விழும். நகை, நிலம், பங்கு எதுவும் கணக்கில் வராது. பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றும் சம்மதக் கடிதமும் சேர்க்க வேண்டும். விசாவோடு கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. அதை விசாவின் முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால், படிப்புக்கு முன்னும் பின்னும் விசாவில் சேரும் மாதங்களோடு ஐந்தாண்டுப் படிப்புக்கு 4,000-ஐத் தாண்டும். பல குடும்பங்கள் கணக்கில் விட்டுவிடும் தொகை இது. இந்தியா, இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம்.

இடம் கிடைக்காவிட்டால்

காலியாக மிஞ்சிய இடங்களை நிரப்பும் ஆகஸ்ட் கிளியரிங்கில் மருத்துவ இடம் மிகச் சில கல்லூரிகளில்தான் வரும். அவையும் அந்த ஆண்டின் யூகேட் மதிப்பெண்ணைக் கேட்கலாம். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பது இழுக்கில்லை. கையில் உறுதியான ஏ லெவல் மதிப்பெண்ணோடு வருவதால் எதிர்பார்ப்பு மதிப்பெண் பற்றிய கேள்வியே எழாது. ஆனால் ஏ லெவலைத் திரும்ப எழுதியவரைச் சில கல்லூரிகள் ஏற்பதில்லை. சில, முதல் முறையில் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கும். முதலில் எங்கே தடைபட்டது என்று பாருங்கள். நான்கிலும் நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை என்றால் கல்லூரித் தேர்வையோ யூகேட்டையோ மாற்ற வேண்டும். நேர்காணல்வரை போய்த் திரும்பியிருந்தால், கல்லூரியிடம் நிலையவாரி மதிப்பெண்ணைக் கேட்டு எழுதுங்கள்; தருகிற கல்லூரிகள் உண்டு. யூகேட்டைப் புதிதாக எழுத வேண்டும் என்பதால் ஜூனில் பதிவு திறக்கும் வாரத்திலேயே நாளைப் பிடித்துவிடுங்கள்.